நீர்தடுப்புப் பட்டை (கட்டிடம்)

நீர்தடுப்புப் பட்டை என்பது, கட்டிடத்தின் கூரையும் சுவரும் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில் மழைநீர் உட்புகாமல் தடுப்பதற்காகப் பொருத்தப்படும் மெல்லிய தகடு அல்லது பூச்சு அமைப்பு ஆகும். ஈயம், நாகம் பூசிய இரும்பு, அலுமினியம், செம்பு, தார்த்தாள் முதலியன இதற்குப் பயன்படுகின்றன. தகட்டுக் கூரை வேலை செய்வோரிடையே இது பிளாசிங் என்ற பெயரிலேயே வழங்குகின்றது. தமிழ்நாட்டின் தட்டையான தளங்களில் தகட்டுக்குப் பதிலாகச் சுண்ணாம்பு அல்லது சிமெண்டுக் கலவையால் மூலையைச் சரிவாக இழைத்து விடும் முறை நெடுங்காலமாக இருந்து வருகின்றது. பொருள் வேறானாலும் இரண்டின் நோக்கமும் ஒன்றே.

கூரையின் நடுப்பகுதியில் ஏற்படும் ஒழுக்கை விட, அது சுவரைத் தொடும் ஓரத்தில் ஏற்படும் ஒழுக்கே கட்டிடங்களில் அடிக்கடி காணப்படுவதாகும். விருதுநகர் மாவட்டத்தின் சுந்தரபாண்டியம், வத்திராயிருப்பு, திருவில்லிபுத்தூர், இராஜபாளையம் பகுதிகளில் தளம் போட்ட வீட்டின் சுவரை ஒட்டி ஓட்டுச் சாய்ப்போ தகட்டுச் சாய்ப்போ இறக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. இத்தகைய அமைப்பில் இச்சந்திப்பு தனிக் கவனம் பெறுகின்றது.

== நீர் புகும் விதம் ==

கூரையும் சுவரும் வெவ்வேறு பொருட்களால் ஆனவை. வெயிலில் அவை விரியும் அளவும், இரவில் சுருங்கும் அளவும் ஒன்றல்ல. 3 மீட்டர் நீளமுள்ள அலுமினியத் தகடு 40 பாகை செல்சியசு வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ 2.8 மிமீ நீள்கிறது. அதே நீளமுள்ள செங்கற்சுவர் 1 மிமீ அளவுக்கும் குறைவாகவே நீளும். ஆகவே இரண்டையும் சிமெண்டுக் கலவையால் இறுக ஒட்டினாலும், சில பருவங்களுக்குள் அவ்விடத்தில் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றுகின்றது. அவ்வெடிப்பின் வழியாக நீர் பின்வரும் வகைகளில் உட்செல்கின்றது.

* புவியீர்ப்பு: சுவரின் மீது வழியும் நீர் நேரே வெடிப்புக்குள் இறங்குதல்.
* நுண்புழை ஏற்றம்: குறுகிய வெடிப்பும் செங்கல்லின் நுண்துளைகளும் நீரை உறிஞ்சுதல். இதனால் நீர் பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் கூடச் செல்லும்.
* காற்றழுத்தம்: காற்றுடன் கூடிய மழையில் நீர் தகட்டின் சரிவுக்கு எதிராக மேலே தள்ளப்படுதல்.
* தெறிப்பு: கூரையில் விழும் துளிகள் சிதறிச் சுவரின் அடிப்பகுதியை நனைத்தல்.
* தேங்குதல்: நீர்த்தாரை அடைபட்டுத் தளத்தில் நீர் நின்று, காப்பின் விளிம்பைத் தாண்டுதல்.

தாழ்ந்த கூரைக்கு மேலே உயர்ந்த சுவர் இருக்கும்போது, அச்சுவரில் அடிக்கும் மழையும் கூரையின் மேல்விளிம்பில் வந்து சேர்கிறது. வடிகால் கணக்கில் அத்தகைய சுவரின் பரப்பில் பாதியைக் கூரைப் பரப்புடன் சேர்த்துக் கொள்ளும் வழக்கம் உண்டு. எடுத்துக்காட்டாக, 6 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட சுவரின் பாதிப் பரப்பு 9 சதுர மீட்டர் ஆகும். 50 மிமீ மழை பெய்தால், அதன் வழியாக மட்டும் சுமார் 450 லிட்டர் நீர் அச்சந்திப்பைக் கடந்து செல்லும்.

== உறுப்புகள் ==

முறையான நீர்தடுப்புப் பட்டை பெரும்பாலும் இரண்டு துண்டுகளாக அமைகின்றது.

* அடிப்பட்டை: கூரையின் மீது படிந்து, பின் மடிந்து சுவரின் மீது ஏறி நிற்பது. இது கூரையுடன் மட்டும் இணைக்கப்படும்.
* மேற்பட்டை: சுவரில் வெட்டிய காடிக்குள் செருகப்பட்டு, அடிப்பட்டையின் மேல்விளிம்பை மூடியவாறு கீழ்நோக்கித் தொங்குவது. இது சுவருடன் மட்டும் இணைக்கப்படும்.

இரண்டும் ஒன்றன் மீது ஒன்று வழுக்கிச் செல்லக் கூடியவையாக இருப்பதே இவ்வமைப்பின் அடிப்படை. கூரை நீண்டாலும் சுருங்கினாலும் மேற்பட்டை அசைவதில்லை. ஒரே தகட்டைச் சுவரிலும் கூரையிலும் ஆணியால் இறுக்கினால், அசைவைத் தாங்காது தகடு கிழியும் அல்லது ஆணித்துளை அகன்று நீருக்கு வழியாகும்.

கூரையின் சரிவு சுவருக்கு இணையாக இறங்கும் பக்கங்களில், செங்கல் வரிகளைப் பின்பற்றிப் படிபடியாக வெட்டப்பட்ட துண்டுகள் பயன்படுகின்றன. இவை படிப்பட்டை எனலாம். புகைபோக்கி போன்றவற்றின் மேற்பக்கத்தில் நீர் தேங்காதிருக்க, அதை இருபுறமும் பிரித்து விடும் சிறு முகடு அமைக்கப்படுகின்றது.

== பொருட்கள் ==

ஐரோப்பாவில் ஈயத்தகடு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றது. அது மென்மையானது. கையாலும் மரச்சுத்தியாலும் தட்டி, ஓட்டின் வளைவுக்கேற்பப் படிய வைக்கலாம். ஆயினும் வெப்பத்தால் மிகுதியாக விரிவதால், ஒரு துண்டு 1.5 மீட்டருக்கு மேல் நீளமாக இருத்தல் ஆகாது என்பது அங்குள்ள தொழில்முறை. ஈயம் நச்சுத்தன்மை கொண்டது. ஆகையால் குடிப்பதற்காக மழைநீர் சேகரிக்கும் கூரைகளில் அதைத் தவிர்ப்பது நன்று.

நாகம் பூசிய இரும்புத் தகடு மலிவானது. இந்தியாவில் எளிதிற் கிடைப்பது. அதற்கான இந்தியத் தரம் 277 ஆகும். வெட்டிய விளிம்புகளிலும் துளைகளிலும் நாகப்பூச்சு போய்விடுவதால் அங்கிருந்து துரு தொடங்கும். அலுமினியம் துருப்பிடிப்பதில்லை, ஆனால் ஈரமான சிமெண்டுக் கலவையின் காரத்தன்மை அதை அரிக்கும். எனவே கலவையைத் தொடும் பகுதிக்குத் தார்ப்பூச்சு தேவை. செம்பு நீடித்து உழைக்கும். ஆனால் செம்பின் மீது வழிந்த நீர் நாகத்தகட்டின் மீது விழுந்தால், மின்வேதி வினையால் நாகம் விரைவில் அரிக்கப்படும்.

தார்த்தாள் தட்டைத் தளங்களுக்கு ஏற்றது. தார்த்தாளால் கூரையை நீர்காக்கும் முறையை இந்தியத் தரம் 1346 விளக்குகின்றது. தாளைக் கைப்பிடிச் சுவரின் மீது குறைந்தது 150 மிமீ உயரத்துக்கு ஏற்றி, சுவரில் வெட்டிய காடிக்குள் மடித்துச் செருகி, காடியைக் கலவையால் அடைப்பது வழக்கம். நீர்காப்பு வேலைக்கான பொதுவான வடிவமைப்பு விவரங்கள் இந்தியத் தரம் 3067 என்பதில் உள்ளன.

== தமிழ்நாட்டுத் தட்டைத் தளங்களில் ==

சிமெண்டுக் கான்கிரீட்டுத் தளங்கள் பரவுவதற்கு முன், தமிழ்நாட்டின் மாடி வீடுகளில் கட்டைக்குத்து ஒட்டு எனப்படும் தளம் அமைக்கப்பட்டது. தேக்கு அல்லது வேறு உறுதியான மரச்சட்டங்களின் மீது சிறிய மெல்லிய செங்கற்கள் குத்துவாட்டில், மூலைவிட்டமாக, சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கப்பட்டன. அதன் மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த கான்கிரீட்டு இடப்பட்டு, மரக்கட்டைகளால் பல நாட்கள் அடித்து இறுக்கப்பட்டது. கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டி அல்லது வெல்ல நீரும் தெளிக்கப்பட்டன. அதற்கு மேல் தட்டோடுகள் பதிக்கப்பட்டன. இச்சுண்ணாம்புத் தளவேலை இன்றும் இந்தியத் தரம் 3036 என்பதாகத் தரப்படுத்தப்பட்டுள்ளது.

இம்முறையில் தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை செங்கோணமாக விடப்படுவதில்லை. சுண்ணாம்புக் கான்கிரீட்டே சுவரோரத்தில் மேலேற்றப்பட்டு, உள்வளைவாக இழைத்து விடப்படும். செங்கோண மூலையில் நீர் தேங்கும். அங்கே பூச்சு முறியும். தார்த்தாளும் மடிப்பில் கிழியும். வளைவாக இழைத்த மூலையில் இக்குறைகள் இல்லை. சுண்ணாம்பு மெல்ல இறுகுவதாலும், நுண்ணிய வெடிப்புகளில் கரைந்து மீண்டும் படிந்து அவற்றை அடைக்கும் தன்மை உடையதாலும், சிறு அசைவுகளை அது தாங்கிக் கொள்கின்றது. வெறும் சிமெண்டுக் கலவைக்கு இத்தன்மை மிகக் குறைவு. பழைய சுண்ணாம்பு மூலையில் வெடிப்புக் கண்ட இடத்தில் சிமெண்டைப் பூசும்போது, அது சுருங்கிப் பழைய பூச்சிலிருந்து விலகி, முன்னிலும் அகன்ற வெடிப்பு உண்டாவது இதனாலேயே.

கோயில்களிலும் இதையொத்த முறை காணப்படுகின்றது. மண்டபங்களின் கருங்கற் பலகைகளுக்கு மேலே செங்கல், சுண்ணாம்புத் தளமிட்டு, தட்டோடு பதித்து நீர் காக்கப்படுகின்றது. கோபுரங்களின் கீழ்ப்பகுதி கருங்கல்லாலும் மேல்நிலைகள் செங்கல், சுதையாலும் அமைவதால், நிலைகள் சந்திக்கும் இடங்கள் நீருக்கு எளிதில் இடங்கொடுப்பவை. பறவைகள் இடும் விதைகளிலிருந்து ஆல், அரசு முதலியன இவ்விடங்களிலேயே வேரூன்றுகின்றன. பதினொரு நிலைகள் கொண்ட திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் இராஜகோபுரம் போன்ற உயர்ந்த கோபுரங்களில், திருப்பணிக் காலங்களில் இச்செடிகளை வேரோடு நீக்கி வெடிப்புகளை அடைப்பது இன்றியமையாத வேலையாகும்.

== சுந்தரபாண்டியம், இராஜபாளையம் பகுதியில் ==

=== மழையும் காற்றும் ===

இப்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டியது. தென்மேற்குப் பருவத்தில் இது மழைமறைவுப் பகுதியாகும். காற்று மிகுந்தும் மழை குறைந்தும் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமே முதன்மையான மழைக்காலம். அதற்கு முந்தைய கோடையில் இடியுடன் கூடிய மழையும் பெய்வதுண்டு. அதாவது, கூரை பல மாதங்கள் கடும் வெயிலில் காய்ந்து, வெடிப்புகள் அகன்று இருக்கும் நிலையில், திடீரெனக் கனமழையைச் சந்திக்கின்றது. வடகிழக்குப் பருவக் காற்றை எதிர்நோக்கும் வடக்கு, கிழக்குச் சுவர்களின் சந்திப்புகளே முதலில் நனைகின்றன.

தென்மாவட்டங்களில் மழையின் அளவு சில நாட்களில் வழக்கத்தை வெகுவாக மிஞ்சக்கூடும். 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 செமீக்கும் மேல் மழை பதிவானது. இத்தகைய மழையில், நீர்த்தாரை அடைபட்ட தளத்தில் நீர்மட்டம் 150 மிமீ காப்பு உயரத்தைத் தாண்டிவிடும்.

=== கூரை வகைகள் ===

இப்பகுதியின் வீடுகளில் நாட்டு ஓடு, மங்களூர் ஓடு, கட்டைக்குத்து ஒட்டு, கான்கிரீட்டுத் தளம், நார்ச்சிமெண்டுத் தகடு, நாகத்தகடு ஆகிய கூரைகளைக் காணலாம். ஒரே வீட்டில் இரண்டு மூன்று வகைகள் இருப்பதும் உண்டு. மங்களூர் ஓட்டுக்கான முதல் தொழிற்சாலை 1865 ஆம் ஆண்டில் பேசல் மிசனால் மங்களூரில் நிறுவப்பட்டது. இவ்வகை ஓடுகள் ஒன்றோடொன்று பொருந்துவதற்கான வரம்புகளைக் கொண்டவை. ஆனால் சுவரைச் சந்திக்கும் இடத்தில் ஓட்டை வெட்டவேண்டி வருவதால் அவ்வரம்பு இல்லாமற் போகின்றது. அவ்விடத்தில் கலவை மட்டும் பூசப்படுவதே பொதுவான வழக்கம்.

இராஜபாளையம் கட்டிடப் பொருள் தொழிலுடன் நெருங்கிய தொடர்புடைய நகரமாகும். நார்ச்சிமெண்டுத் தகடுகளை உற்பத்தி செய்யும் ராம்கோ இண்டஸ்ட்ரீசு நிறுவனத்தின் பதிவு அலுவலகம் இந்நகரில் உள்ளது. இதே குழுமத்தின் சிமெண்டுத் தொழிற்சாலை 1960களின் தொடக்கத்தில் விருதுநகருக்கு அருகே உற்பத்தியைத் தொடங்கியது. நெளிவுத் தகடுகள் சுவரைச் சந்திக்கும் இடத்துக்கென, ஒரு பக்கம் நெளிவாகவும் மறுபக்கம் தட்டையாகவும் வார்க்கப்பட்ட சுவரோரத் துண்டுகள் உள்ளன. கல்நார்ச் சிமெண்டில் செய்யப்படும் இத்தகைய கூரைத் துணைப்பொருட்கள் இந்தியத் தரம் 1626 இன் மூன்றாம் பகுதியில் அடங்கும். வீடுகளில் செலவைக் குறைக்க இத்துண்டு விடுபடுவதும், அதன் இடத்தைச் செங்கல் துண்டும் கலவையும் நிரப்புவதும் வழக்கமாகிவிட்டன.

=== நெசவுக் கூடங்கள் ===

சுந்தரபாண்டியம், திருவில்லிபுத்தூர் ஆகியவை கைத்தறி நெசவு நடைபெறும் ஊர்கள். வீட்டின் ஒரு பகுதியே தறிக்கூடமாகவும் இருக்கும்போது, சுவரோர ஒழுக்கு தொழிலையே பாதிக்கின்றது. கஞ்சி போட்ட பருத்திப் பாவு ஈரத்தை எளிதில் ஈர்க்கும். ஈரம் நிலைத்தால் பூஞ்சணம் பிடித்து நூலில் கறை படியும். குழித்தறியாயின், சுவர் வழியாக இறங்கும் நீர் தறிக்குழியில் தேங்கும். மழைக்காலத்தில் பாவு உலர்த்துவதே அரிதாக இருக்கும்போது, கூடத்துக்குள்ளும் ஓதம் பரவினால் நெசவு நாட்கள் குறைகின்றன. இவ்விழப்புடன் ஒப்பிட, சில மீட்டர் நீளமுள்ள தகட்டின் விலை சிறியது.

== பொருத்தும் முறை ==

செங்கற்சுவரை ஒட்டி இறங்கும் தகட்டுச் சாய்ப்புக்குப் பட்டை பொருத்தும் வரிசை பின்வருமாறு.

# கூரைத் தகட்டின் விளிம்புக்கும் சுவருக்கும் இடையே 10 முதல் 15 மிமீ இடைவெளி விடப்படுகின்றது. சுவரோரத்தில் தகட்டைத் தாங்கும் சட்டம் உறுதியாக இருத்தல் வேண்டும்.
# சுவரில் கூரைப் பரப்பிலிருந்து குறைந்தது 150 மிமீ உயரத்தில் கோடு குறிக்கப்படுகின்றது. இக்கோடு செங்கல் வரிகளுக்கு இடையேயுள்ள சாந்து இணைப்பில் அமைவது நன்று.
# அக்கோட்டுக்குக் கீழுள்ள பழைய பூச்சு நீக்கப்பட்டு, இணைப்பு சுமார் 25 மிமீ ஆழத்துக்குச் சுரண்டிக் காடியாக்கப்படுகின்றது. தூசி முழுவதும் அகற்றப்பட வேண்டும்.
# அடிப்பட்டை கூரையின் மீது குறைந்தது 150 மிமீ படியுமாறு வைக்கப்படுகின்றது. நெளிவுத் தகட்டின் பக்கவாட்டு விளிம்பாயின், குறைந்தது ஒரு முழு நெளிவையாவது அது மூடவேண்டும். திருகாணிகள் நெளிவின் மேட்டிலேயே, ரப்பர் வளையத்துடன் இறுக்கப்படுகின்றன.
# சரிவான பக்கத்தில் வேலை தாழ்ந்த முனையிலிருந்து தொடங்குகின்றது. மேலுள்ள துண்டு கீழுள்ளதன் மீது குறைந்தது 100 மிமீ படியவேண்டும்.
# மேற்பட்டையின் மேல்விளிம்பு மடிக்கப்பட்டுக் காடிக்குள் செருகப்படுகின்றது. ஏறத்தாழ 450 மிமீக்கு ஒன்றாக அதே உலோகத்தாலான ஆப்புகள் அடிக்கப்படுகின்றன.
# காடி நெகிழ்வுள்ள அடைப்புப் பசையால் நிரப்பப்படுகின்றது. சுண்ணாம்புச் சுவராயின் சுண்ணாம்புச் சாந்தே பொருத்தமானது.
# மேற்பட்டையின் கீழ்விளிம்பு சிறிது வெளிநோக்கி மடித்து விடப்படுகின்றது. நீர் அவ்விடத்தில் சொட்டி விழும். பின்னோக்கி ஊர்ந்து செல்லாது.
# பட்டைக்கு மேலுள்ள சுவர் பூசப்படுகின்றது. பூச்சு பட்டைக்கு மேலேயே முடியவேண்டும். தகட்டின் மீது இழுத்துப் பூசலாகாது.

வேலை முடிந்ததும் குழாய் நீரைக் கீழிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே பாய்ச்சிச் சோதிக்கலாம். மேலிருந்து தொடங்கினால் ஒழுக்கு எவ்விடத்தில் உள்ளது எனக் கண்டறிய முடியாது.

கான்கிரீட்டுத் தளத்தில் கைப்பிடிச் சுவரோரம் முதலில் சுத்தம் செய்யப்பட்டு, மூலையில் 75 மிமீ அளவுக்குச் சரிவாகவோ உள்வளைவாகவோ கலவை இழைக்கப்படுகின்றது. அது உலர்ந்தபின் நீர்காப்புப் பூச்சு அல்லது தார்த்தாள் தளத்திலிருந்து தொடர்ச்சியாகச் சுவரின் மீது ஏற்றப்படுகின்றது. தளத்துக்கு நீர்த்தாரையை நோக்கிக் குறைந்தது 1க்கு 100 என்ற வாட்டம், அதாவது 3 மீட்டருக்கு 3 செமீ இறக்கம், இருத்தல் வேண்டும். கைப்பிடிச் சுவரின் தலைப்பூச்சும் உட்புறமாகச் சரிந்திருப்பின், நீர் தளத்தில் விழும்; வெளிச்சுவரில் வழியாது.

== பொதுவான குறைபாடுகள் ==

* பட்டையைக் காடிக்குள் செருகாமல், பூசிய சுவரின் மேற்பரப்பில் ஆணியடித்துப் பசை தடவுதல். பசை வெயிலில் காய்ந்து உரிந்தபின், தகட்டின் பின்புறம் நீர் இறங்கும்.
* பூச்சில் மட்டும் காடி வெட்டி, செங்கல் வரை செல்லாதிருத்தல்.
* மேலுள்ள துண்டைக் கீழுள்ளதன் அடியில் செருகுதல்.
* தளத்துக்குப் பின்னாளில் மேலும் ஓர் அடுக்குத் தட்டோடு பதித்தல். இதனால் தளமட்டம் உயர்ந்து, 150 மிமீ காப்பு உயரம் குறைந்துவிடும்.
* பட்டை சரியாக இருந்தும், அதற்கு மேலுள்ள சுவர் பூசப்படாமல் இருத்தல். 230 மிமீ தடிப்புள்ள செங்கற்சுவர் நீண்ட மழையில் நீரை உறிஞ்சி, பட்டைக்குப் பின்புறமாகவே உள்ளே விடும். ஐரோப்பாவில் இரட்டைச் சுவர்களின் உள்ளே நீர்த்தட்டு வைப்பது இதைத் தடுப்பதற்காகவே.

== விளைவுகள் ==

தொடக்கத்தில் உட்சுவரில் ஓதமும், சுண்ணாம்பு உதிர்தலும், வெண்ணிற உப்புப் பூத்தலும் தோன்றும். கட்டைக்குத்து ஒட்டில் சுவருக்குள் செருகப்பட்ட மரச்சட்டத்தின் முனை உளுத்துப் போகின்றது. அம்முனை கண்ணுக்குத் தெரியாததால், சட்டம் முறியும் வரை குறை வெளிப்படாமல் இருக்கக்கூடும். கான்கிரீட்டுத் தளத்தில் நீர் இரும்புக் கம்பியை அடைந்து துருவாக்குகின்றது. துரு, இரும்பைவிடப் பன்மடங்கு பருமன் கொண்டது. அது கான்கிரீட்டை உள்ளிருந்து பிளந்து, அடிப்பூச்சைத் துண்டுதுண்டாக விழச் செய்யும். மண்சாந்தில் கட்டிய பழைய சுவர்களில் நீர் சாந்தையே கரைத்து, சுவரைச் சரியச் செய்யும். நனைந்த சுவரில் மின்கம்பிகள் பதிந்திருந்தால் மின்கசிவும் நேரும்.

== பராமரிப்பும் பாதுகாப்பும் ==

வடகிழக்குப் பருவம் தொடங்குமுன், செப்டம்பர் மாதத்தில், நீர்த்தாரைகளையும் சுவரோரங்களையும் சுத்தம் செய்து, வெடிப்புகளையும் முளைத்த செடிகளையும் பார்த்துக் கொள்ளுதல் நல்ல வழக்கமாகும். செடியை வெட்டினால் மட்டும் போதாது. வேர் இருக்கும் வரை அது மீண்டும் தழைக்கும்.

பழைய சிமெண்டுத் தகடுகள் பெரும்பாலும் கல்நார் கலந்தவை. எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் என்று உலக சுகாதார அமைப்பு அறிவித்துள்ளது. முழுதாக இருக்கும் தகட்டைவிட, அதை அறுக்கும்போதும் துளையிடும்போதும் எழும் தூசியே ஆபத்தானது. எனவே பட்டை பொருத்துகையில் இத்தகடுகளை இயந்திரத்தால் அறுக்காமல், ஏற்கனவே உள்ள துளைகளைப் பயன்படுத்துவதும், வெட்டியே ஆகவேண்டுமாயின் நனைத்து, முகக்கவசம் அணிந்து, கையறுவையால் வெட்டுவதும் பாதுகாப்பான முறைகள். நார்ச்சிமெண்டுத் தகடு ஆளின் எடையைத் தாங்காது. சட்டங்களுக்குக் குறுக்கே பலகை இட்டு, அதன் மீதே நடக்கவேண்டும்.

== இவற்றையும் பார்க்க ==

* கூரை
* கைப்பிடிச் சுவர்
* தட்டோடு
* மங்களூர் ஓடு
* சுண்ணாம்புச் சாந்து
* மழைநீர் சேகரிப்பு
* சுந்தரபாண்டியம்